மதம் இல்லாத கல்யாணம், மதம் இல்லாத சாவு: நம் ஊரில் கிடைக்கும் சேவைகள் எப்படி?

மதமே இல்லாத உலகம் நிம்மதியாக இருக்குமா, பயமாக இருக்குமா? பட்டிமன்றம் வைத்தால் இரண்டு அணியும் கைதட்டு வாங்கிவிடும். ஆனால் அந்த உலகத்தின் ஒரு சின்னத் துண்டு தமிழ்நாட்டில் பல காலமாக நடைமுறையில் இருக்கிறது. ஐயரோ பாதிரியாரோ ஹஜ்ரத்தோ இல்லாமல் கல்யாணம் செய்துகொள்ளலாம். பிள்ளையைச் சாதி, மதம் எழுதாமல் பள்ளியில் சேர்க்கலாம். இறந்தவரைச் சுடுகாட்டுக்குப் பதில் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம். அரசும் இயக்கங்களும் தரும் சேவைகள் இவை. ஒரு கடையை மதிப்பிடுவதுபோல இவற்றையும் மதிப்பிடலாம்: என்ன கேட்கிறார்கள், எத்தனை நாள் ஆகும், எங்கே மாட்டிக்கொள்ளும், கடைசியில் கையில் என்ன வந்து சேரும்.

முதலில் சிறப்புத் திருமணச் சட்டம். 1954ஆம் ஆண்டுச் சட்டம். 1955 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. மணமக்கள் கொடுக்க வேண்டிய அறிவிப்புப் படிவம் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பெயர், மணமாகாதவரா துணையை இழந்தவரா மணமுறிவு பெற்றவரா என்ற விவரம், தொழில், வயது, இப்போதைய முகவரி, நிரந்தர முகவரி, அங்கே எவ்வளவு காலமாகக் குடியிருக்கிறார் என்பது. அவ்வளவுதான் கட்டங்கள். மதத்துக்கு ஒரு கட்டம் கிடையாது, சாதிக்கும் கிடையாது. பள்ளிச் சேர்க்கை முதல் வேலை விண்ணப்பம் வரை எல்லாவற்றிலும் அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பழகிய நாட்டில், இந்த ஒரு தாளின் வெற்றிடம் பெரிய விஷயம்.

இதன் முன்னோடி 1872ஆம் ஆண்டுச் சட்டம். வங்காளத்தின் சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தார், குறிப்பாகக் கேசவ சந்திர சென், பாடுபட்டுக் கொண்டுவந்தது. அதில் ஒரு பெரிய முட்டுக்கட்டை இருந்தது. கிறிஸ்தவம், யூதம், இந்து, இஸ்லாம், பார்சி, பௌத்தம், சீக்கியம், சமணம் இவற்றில் எதையும் தான் பின்பற்றவில்லை என்று மணமக்கள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். மதத்தைத் துறந்தால்தான் பதிவு. 1923இல் இந்து, பௌத்த, சீக்கிய, சமணர்களுக்கு இதைத் தளர்த்தினார்கள். 1954இல் நிபந்தனையே போய்விட்டது. நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவர் விடட்டும், அலுவலகத்துக்கு அது தேவையில்லை என்ற நிலைக்கு வர 82 ஆண்டுகள் ஆயின. மதமில்லா உலகத்தை யாராவது கட்ட நினைத்தால் இந்த இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். துறக்கச் சொன்ன சட்டத்தைவிடக் கேட்காமல் விட்ட சட்டம் நூறு மடங்கு மேல்.

இனி படிகள். தமிழ்நாட்டில் இதைச் செய்துவைப்பவர் சார்பதிவாளர். இருவரில் ஒருவராவது அறிவிப்புக் கொடுப்பதற்கு முன் தொடர்ச்சியாக 30 நாளாவது அந்த எல்லைக்குள் குடியிருந்திருக்க வேண்டும். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் மனுவை நிரப்பி, அச்செடுத்து, கையெழுத்திட்டு, வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்களுடன் கொடுக்க வேண்டும். அலுவலர் அதை அறிவிப்புப் புத்தகத்தில் ஏற்றி, அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுவார். ஒருவரின் நிரந்தர முகவரி வேறு எல்லையில் இருந்தால் அங்கேயும் ஒரு நகல் போய் ஒட்டப்படும். 30 நாள் கழிந்து ஆட்சேபம் இல்லையென்றால், மூன்று சாட்சிகளோடு வந்து உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டுத் திருமணத்தை முடிக்கலாம். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் அது காலாவதி, மறுபடி முதலிலிருந்து. முதல் மாதம் காத்திருப்பிலேயே போய்விடுவதால் உண்மையில் கையில் இருப்பது ஏறக்குறைய இரண்டு மாதம்தான். வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கணக்குத் தப்புகிறார்கள்.

மனு திரும்பி வருவதற்கான காரணங்கள் எல்லாம் சில்லறைக் காரணங்கள். ஆதாரில் முன்னெழுத்து முன்னால், பள்ளிச் சான்றிதழில் பின்னால். அப்பா பெயர் ஒன்றில் ‘முத்து’, இன்னொன்றில் ‘முத்துசாமி’. வாடகை வீட்டு முகவரிக்கு 30 நாள் குடியிருப்பைக் காட்டச் சான்று இல்லாதது. மணமுறிவு பெற்றவர் தீர்ப்பின் சான்றளித்த நகலைக் கொண்டுவராதது, அல்லது மேல்முறையீட்டுக் காலம் முடிவதற்குள் வந்துவிடுவது. துணையை இழந்தவர் இறப்புச் சான்றிதழை மறந்துவிடுவது. மூன்று சாட்சிகளில் ஒருவர் அடையாள அட்டை இல்லாமல் வந்து நிற்பது. அறிவிப்புக் கொடுக்கும் முன்பே எல்லா ஆவணங்களையும் ஒரு மேசையில் பரப்பிவைத்துப் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு மணி நேர வேலை, ஒரு மாதத்தை மிச்சப்படுத்தும்.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் மூவருமே இந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் தடைசெய்யப்பட்ட உறவில் வருகிறார்கள். வழக்கம் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் அந்த வழக்கத்தை மாநில அரசு அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். ‘எங்கள் குடும்பத்தில் காலங்காலமாக இருக்கிறது’ என்று வாயால் சொன்னால் போதாது. உறவுக்குள் கட்டுபவர்களுக்கு இது சரியான கதவு இல்லை.

கல்யாணம் நடக்கும் நிமிடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பத்திரம் பதிய வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் அதே பெஞ்சு. மேலே மின்விசிறி, மேசையில் கேமராவும் பேரேடும். ‘இன்ன பெயருடைய நான், இன்ன பெயருடைய உங்களை என் சட்டப்படியான கணவராக ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற பொருள்படும் வாக்கியத்தை, இருவருக்கும் புரியும் எந்த மொழியிலாவது, அலுவலர் முன்பும் மூன்று சாட்சிகள் முன்பும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். சட்டம் கட்டாயமாகக் கேட்கும் சடங்கு இந்த ஒரு வாக்கியம் மட்டுமே. அதைச் சொல்லாமல் கையெழுத்து மட்டும் போட்டால் திருமணம் முழுமையாகாது. கூட்டமான நாளில் அவசரத்தில் இதை விழுங்கிவிடுகிறார்கள். விடாதீர்கள், கேட்டுச் சொல்லுங்கள், சாட்சிகள் காதில் விழும்படி சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் மந்திரத்தின் இடத்தில் நிற்கிறது. புரிந்து சொல்வதால் அதன் கனம் கூடுதல்.

கையில் வரும் சான்றிதழ் இந்தச் சேவையின் சிகரம். திருமணம் நடந்தது என்பதற்கு அதுவே இறுதிச் சான்று. புகைப்படமோ பத்திரிகையோ மண்டப ரசீதோ யாரும் கேட்க முடியாது. சட்ட உறுதிக்குப் பத்துக்கு ஒன்பது கொடுக்கலாம்.

குறைத்த அந்த ஒன்று, ஒட்டப்படும் அறிவிப்புக்காக. நியாயமாகப் பார்த்தால் இன்னும் நிறையக் குறைக்க வேண்டும். அந்தத் தாளில் இருவரின் பெயரும் முகவரியும் இருக்கின்றன. ஆட்சேபம் சொல்லச் சட்டம் அனுமதிக்கும் காரணங்கள் மிகக் குறைவு: உயிரோடு வேறு துணை இருப்பது, வயது குறைவு, மனநிலை காரணமாகச் சம்மதம் தர இயலாமை, தடைசெய்யப்பட்ட உறவு. மதம் வேறு, சாதி வேறு, பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. பெற்றோர் கையெழுத்தோ வருகையோ சட்டத்தில் எங்கும் இல்லை. யாராவது கேட்டால் எந்தப் பிரிவின்கீழ் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். பொய்யான ஆட்சேபத்துக்கு 1,000 ரூபாய் வரை செலவுத்தொகை விதிக்கவும் வழியுண்டு. ஆனால் அடிக்க வருபவன் ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதில்லை. முகவரி தெரிந்தால் அவனுக்குப் போதும். மதம் கடந்து கட்டுபவர்களும் சாதி கடந்து கட்டுபவர்களும் இந்த 30 நாளை எண்ணி எண்ணிக் கழிக்கிறார்கள்.

இதில் நீதிமன்றங்கள் பாதி தூரம் வந்திருக்கின்றன. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், மணமக்கள் விரும்பினால் மட்டுமே அறிவிப்பை வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கேரள அரசு 2020இல் அறிவிப்புகளை இணையத்தில் ஏற்றுவதை நிறுத்தியது. 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆணவக் கொலை மிரட்டலில் இருப்பவர்களுக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்றது. மிரட்டல் இருந்தால் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கு அப்புறம் அறிவிப்புக் கொடுங்கள். வரிசை முக்கியம். அறிவிப்பு ஒட்டிய பிறகு பாதுகாப்புக் கேட்டு ஓடுவது தாமதம்.

நிம்மதியா பயமா என்ற முதல் கேள்விக்கான பதில் எனக்கு இங்கேதான் கிடைக்கிறது. சார்பதிவாளர் அறையில் மதம் இல்லை, ஆனாலும் பயம் இருக்கிறது. சாமி படம் இல்லாததாலோ நல்ல நேரம் பார்க்காததாலோ வந்த பயம் இல்லை அது. தாலி கட்டும்போது சுற்றி நிற்கும் இருநூறு பேர் வேடிக்கை பார்ப்பவர்கள் மட்டுமா? அவர்கள்தான் சாட்சி, நாளை சண்டை வந்தால் பஞ்சாயத்து, ஒருவருக்கு ஒன்றென்றால் ஓடிவரும் கை. மதம் அந்தக் கூட்டத்தைக் கூட்டிக் கொடுத்துவந்தது. அரசு மதத்தை வெளியே நிறுத்தியதோடு அந்தக் கூட்டத்தையும் நிறுத்திவிட்டது. அதன் இடத்தில் மூன்று சாட்சிகளையும் ஒரு அறிவிப்புப் பலகையையும் வைத்தது. பயம் அந்த ஓட்டை வழியாக நுழைகிறது.

இந்த ஓட்டையைச் சரியாகக் கண்டுகொண்டது சுயமரியாதை இயக்கம். 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்த முதல் சுயமரியாதைத் திருமணத்திலிருந்து இன்றுவரை அதன் அமைப்பு பெரிதாக மாறவில்லை. வரவேற்புரை, தலைமையுரை, மணமக்கள் உறுதிமொழி, மாலை மாற்றல், வாழ்த்துரை, நன்றியுரை, பந்தி. புரோகிதரை எடுத்தார்கள், கூட்டத்தை எடுக்கவில்லை. சாப்பாட்டையும் எடுக்கவில்லை. அழைப்பிதழில் ‘வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா’ என்று போட்டார்கள். ராகு காலம் பார்க்காமல் ஊர் கூடுவதற்கு வசதியான நேரத்தில் வைத்தார்கள். ஆயிரம் பேர் முன்னிலையில் சொன்ன உறுதிமொழியை ஆயிரம் பேர் நினைவில் வைத்திருப்பார்கள். மதமில்லாத இடத்தில் நிம்மதி எப்படி வரும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிக நல்ல மாதிரி இது.

சட்டம் இதை லேசில் ஏற்கவில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், உரிய சடங்குகள் இல்லாத இத்தகைய திருமணம் செல்லாது என்றது. அதனால் ஏற்கெனவே கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பல்லாயிரம் குடும்பங்களின் நிலை கேள்விக்குறியானது. 1967இல் அண்ணா முதலமைச்சரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்க்கும் திருத்தம் நிறைவேறியது. 1968 ஜனவரியில் அமலுக்கு வந்தது. முன்பு நடந்தவற்றுக்கும் செல்லுபடி தந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யார் முன்னிலையிலாவது ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவிக்கலாம், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், அல்லது தாலி கட்டலாம். மூன்றில் எது ஒன்று நடந்தாலும் போதும். அந்த ‘அல்லது’ என்ற சொல்லைப் போடச் சொன்னவர் பெரியார்தான் என்று இயக்கத்தார் சொல்வதுண்டு. ‘உம்’ போட்டிருந்தால் தாலியும் கட்டாயமாகியிருக்கும். தாலி வேண்டாம் என்ற பெண்ணுக்கு அந்த ஒரு சொல்தான் சட்டப் பாதுகாப்பு.

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இளவரசன் வழக்கில் இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்தது. 7-ஏ திருமணத்தை ஊரறிய நடத்தியே ஆக வேண்டும் என்பதில்லை. மிரட்டலில் இருப்பவர்கள் நண்பர்கள் ஓரிருவர் முன் செய்துகொண்டாலும் செல்லும். வழக்கறிஞர்கள் நண்பராகவோ உறவினராகவோ முன்னின்று நடத்தலாம், தொழில்முறையில் செய்யக் கூடாது.

ஆனால் 7-ஏயின் எல்லையைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். இரண்டு இந்துக்களுக்கு மட்டுமே அது பொருந்தும். சட்டக் கண்ணில் ‘இந்து’ என்பது அகலமான சொல். கடவுள் இல்லை என்பவரும் அதற்குள் வருகிறார். ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம் அல்லது கிறிஸ்தவர் என்றால், தலைவர் தலைமையில் ஆயிரம் பேர் வாழ்த்தினாலும் சட்டப்படி அங்கே திருமணம் நடக்கவில்லை. இது தெரியாமல் மண்டபத்தோடு நிறுத்திவிட்டு, பின்னால் விசாவுக்கும் வாரிசுச் சான்றுக்கும் அலைபவர்கள் உண்டு. இரு இந்துக்கள் என்றால் விழா முடிந்த 90 நாளுக்குள், தாமதக் கட்டணத்தோடு 150 நாளுக்குள், 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி பதிந்துவிட வேண்டும். மாலை மாற்றும் படத்தில் நின்றவர்களின் முகம் தெரியட்டும். பதிவுச் சான்று மட்டும் திருமணத்தை நிரூபிக்காது, திருமணம் உண்மையில் நடந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது.

இரண்டையும் சேர்த்துச் செய்வதே என் பரிந்துரை. பலருக்குத் தெரியாத வசதி ஒன்று சிறப்புத் திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இருக்கிறது: மணமக்கள் விரும்பும் எந்த வடிவத்திலும் திருமணத்தை நடத்தலாம், கூடுதல் கட்டணம் கட்டினால் நியாயமான தொலைவில் உள்ள வேறு இடத்திலும் நடத்தலாம். சார்பதிவாளர் மண்டபத்துக்கு வந்தால், உறுதிமொழிக்கு நடுவே அந்தச் சட்ட வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லி, மேடையிலேயே கையெழுத்திடலாம். அறிவிப்புக் கொடுக்கும் நாளிலேயே இதை எழுத்தில் கேளுங்கள். வர இயலாது என்றால் காலையில் அலுவலகம், மாலையில் மண்டபம். வரிசையை மாற்றாதீர்கள். இரு இந்துக்கள் முதலில் மண்டபத்தில் முடித்துவிட்டால் அவர்கள் ஏற்கெனவே மணமானவர்கள். அப்புறம் புதிதாகத் திருமணம் செய்யும் பிரிவில் மனுப் போட முடியாது. நடந்ததைப் பதியும் 15ஆம் பிரிவுக்குப் போக வேண்டும். அதற்கும் 30 நாள் உண்டு. பெண்ணுக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

கல்யாணத்துக்குப் பின் சொத்து. இருவரும் இந்து, பௌத்த, சீக்கிய, சமணராக இருந்தால், 1976இல் சேர்த்த 21-ஏ பிரிவின்படி, இந்து வாரிசுரிமைச் சட்டமே தொடரும். மற்றவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி உயில் எழுதாமல் இறந்தால் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம். 2023 மார்ச் 8 அன்று காசர்கோடு மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் தம்பதி, தங்கள் மூன்று மகள்களுக்கு முழுச் சொத்தும் போய்ச்சேர வேண்டும் என்பதற்காகவே சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மறுபடி திருமணத்தைப் பதிந்துகொண்டார்கள். மறுபக்கம், பிள்ளைகள் இருக்கும்போது இறந்தவரின் தாய்க்கு 1925ஆம் ஆண்டுச் சட்டத்தில் பங்கு இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இந்து ஆண் இறந்தால் அவர் தாய்க்குப் பங்கு உண்டு. அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுடையது என்றால் உயிலை உடனே எழுதுங்கள்.

பிள்ளைக்குச் சாதி, மதம் எழுதாமல் விடுவது பற்றிச் சுருக்கமாக. 1973லும் 2000லும் வந்த அரசாணைகள் பள்ளியில் அந்தக் கட்டங்களை வெறுமையாக விட அனுமதிக்கின்றன. 2019இல் திருப்பத்தூரைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் ‘சாதி, மதம் அற்றவர்’ என்று வட்டாட்சியரிடம் சான்றே பெற்றார். ஆனால் சாதிச் சான்று இல்லாமல் இடஒதுக்கீடு இல்லை. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைக்கு அந்த வெற்றிடம் விடுதலையா இழப்பா என்பதைப் பெற்றோர்தான் நிதானமாக முடிவுசெய்ய வேண்டும். அதை எந்த இயக்கமும் அவர்கள்மேல் திணிக்கக் கூடாது.

கடைசியாகச் சாவு. மதம் இல்லாதவர்களின் துணிச்சல் தளர்வது பெரும்பாலும் இங்கேதான். உடல் தானம் நல்ல சேவை. ஆனால் பதிந்துவைத்தால் மட்டும் போதாது. இறந்தபின் உடலை ஒப்படைக்கச் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டியவர்கள் நெருங்கிய உறவினர்கள். அவர்களுக்குத் தெரியாமல் அலமாரியில் கிடக்கும் அட்டைக்கு மதிப்பில்லை. வீட்டில் இறந்தால் மருத்துவரிடம் மரணக் காரணச் சான்று வாங்கி, மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்கு உடனே தொலைபேசியில் சொல்ல வேண்டும். பிரேதப் பரிசோதனை நடந்த உடல், போலீஸ் வழக்கில் உள்ள உடல், எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ் போன்ற தொற்றுள்ள உடல், அழுகத் தொடங்கிய உடல் இவற்றை ஏற்கமாட்டார்கள். கண் தானம் ஆறு மணி நேரத்துக்குள். இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலைக்கு ஒரு தலையணை கொடுத்துவிட்டுக் கண் வங்கியை அழையுங்கள். கண் எடுத்த உடலைக் கல்லூரியும் ஏற்கும்.

ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பும் குடும்பத்துக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. சாம்பல் இல்லை, பால் தெளிக்க இடம் இல்லை, பதினாறாம் நாள் இல்லை. அந்த வெறுமைதான் பலரை மறுபடி ஐயரைத் தேட வைக்கிறது. மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்பவர்களின் இறுதி நிகழ்வு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது இதனால்தான் இவ்வளவு சரியான முடிவு. ஓர் அதிகாரி வந்து மலர்வளையம் வைக்கிறார், தெரு நின்று பார்க்கிறது, குடும்பம் நிமிர்ந்து நிற்கிறது. உடல் தானம் செய்பவர்களுக்கும் அது வேண்டும்.

அதுவரை குடும்பமே செய்ய வேண்டியது படத்திறப்பு. பத்துப் பதினைந்து நாளுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, இறப்புச் செய்தி சொல்லும்போதே தேதியையும் சொல்லிவிடுங்கள்; சொல்லாவிட்டால் பங்காளிகள் வேறு நாள் குறித்துவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பேச்சாளர் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். அவர்களில் ஒருவராவது இறந்தவரோடு வேலை பார்த்தவராக இருக்கட்டும். முதல் மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டியதில்லை. எந்த வேளைச் சாப்பாடு எந்த வீட்டிலிருந்து வரும் என்று நண்பர்கள் அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.